பத்து சென்டவோ தந்தி: ரமோன் மகசேசே பற்றிக் கேள்வி பதில்

எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1974ல் கிடைத்தது, எம்.எஸ். சுவாமிநாதனுக்கு 1971ல் கிடைத்தது என்று மகசேசே விருதை நாம் எல்லோரும் அறிவோம். அந்தப் பெயருக்கு உரியவர் பிலிப்பைன்ஸின் 7ஆவது அதிபர். பல வருடமாக அந்த நாட்டு அரசியலைப் படித்து வருகிறேன். அவரைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

"ராமன் மகசேசே என்று சில இடங்களில் போடுகிறார்கள். இந்திய வம்சாவளியா சார்?"

இல்லை. அது ரமோன், ஸ்பானியப் பெயர். முன்னூறு வருடத்துக்கு மேல் ஸ்பெயின் ஆண்ட நாடு அது. மகசேசே தகலாக் மொழிச் சொல். அவர்கள் 'மக்சய்சய்' என்பார்கள். எடுத்துரைப்பது என்று பொருள். தமிழில் மகசேசே என்றே ஊன்றிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

"பஸ் மெக்கானிக்காக இருந்தவர் என்பது நிஜமா அண்ணா?"

நிஜம்தான் தம்பி. 1907 ஆகஸ்ட் 31 அன்று சம்பாலேஸ் மாகாணத்தின் இபா ஊரில் பிறந்தார். அப்பா கொல்லர், பள்ளியில் தச்சு வேலையும் சொல்லிக்கொடுத்தார். கல்வி அதிகாரியின் மகனைத் தேர்ச்சி போட மறுத்ததற்காக அந்த வேலை போனது என்று வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. மகன் மணிலாவில் வணிகவியல் படித்துவிட்டு, டிரை டிரான் என்ற பஸ் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்து கிளை மேலாளர் வரை உயர்ந்தார். இதன் கனம் புரிய வேண்டுமானால் அவருக்கு நேர் முன்பு அதிபராக இருந்த ஐந்து பேரைப் பாருங்கள். கேசோன், லாரெல், ஒஸ்மேனியா, ரோஹாஸ், கிரினோ ஐந்து பேருமே வக்கீல்கள். கிரீஸ் படிந்த கையோடு அதிபர் மாளிகைக்குப் போனவர் இவர்தான்.

ஜப்பானியர் வந்ததும் கொரில்லாப் படையில் சேர்ந்தார். 1946ல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

"கம்யூனிஸ்டுகளை ஒடுக்கியவர் என்று படித்தேன். அவரைப் போய் மக்கள் தலைவர் என்று எப்படிச் சொல்வது?"

நியாயமான கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் கம்யூனிஸ்ட் படையின் பெயர் ஹுக்பலஹாப். 'ஜப்பானியருக்கு எதிரான மக்கள் படை' என்று பொருள். லூசோன் தீவின் மத்தியப் பகுதிக் குத்தகை விவசாயிகள்தான் அதன் உயிர். விளைச்சலில் பாதி நிலச்சுவான்தாருக்கு, மிச்சத்தில் கடனுக்கு வட்டி. 1946 தேர்தலில் அவர்கள் தலைவர் லூயிஸ் தாருக் ஜெயித்தும் நாடாளுமன்றத்தில் உட்கார விடவில்லை. பிறகு துப்பாக்கி எடுத்தார்கள். ஊருக்குள் வரும் ராணுவமோ கோழியையும் நெல்லையும் தூக்கிக்கொண்டு போகும்.

1950 செப்டம்பரில் மகசேசே பாதுகாப்பு அமைச்சரானதும் ராணுவத்திலிருந்து தொடங்கினார். சொல்லாமல் கொள்ளாமல் முகாம்களுக்குப் போய் நிற்பார். தப்பு செய்த அதிகாரியை அங்கேயே பதவி நீக்குவார். யார் வேண்டுமானாலும் பத்து சென்டவோ (அந்த நாட்டுச் சில்லறைக் காசு) கட்டி அமைச்சருக்கே நேராகத் தந்தி அடிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். கிராமத்தான் ஒருவன் தபால் ஆபீஸ் ஜன்னலில் காசை வைத்து, 'என் ஊர்ச் சிப்பாய்கள் இப்படிச் செய்தார்கள்' என்று மந்திரிக்குச் சொல்ல முடிந்தது. எனக்கு அவருடைய வாழ்க்கையே இந்தத் தந்திக்குள் இருக்கிறது. சரணடைந்தவர்களுக்குத் தெற்கே மிந்தனாவோ தீவில் நிலம் கொடுத்துக் குடியேற்றினார். கடைசியில் தாருக் 1954 மே மாதம் சரணடைந்தார். தூது போனவர் 21 வயதுப் பத்திரிகையாளர் நினோய் அக்கினோ.

சண்டையில் ஏராளமான விவசாயிகள் செத்தார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் தன் படை செய்த கொடுமையைக் கொடுமை என்று சொன்ன பாதுகாப்பு அமைச்சர்கள் எத்தனை பேர்?

"மோய்செஸ் பாதில்யா சம்பவம் என்ன?"

1951ல், மகசேசே பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, நெக்ரோஸ் ஆக்சிடென்டல் மாகாணத்தில் கவர்னர் ரஃபேல் லாக்சன் வைத்ததுதான் சட்டம். அவர் பேச்சை மீறி மகாலோன் ஊரில் மேயர் தேர்தலுக்கு நின்றார் பாதில்யா. கவர்னரின் தனிப்படை அவரைப் பிடித்து, ஊர் ஊராக இழுத்துச் சென்று சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றது. மகசேசே விமானத்தில் பறந்து போனார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ரத்தம் தோய்ந்த அந்த உடலைத் தானே கைகளில் ஏந்தினார். கவர்னர் கைதாகி 1954ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த ஊருக்கு இன்று மோய்செஸ் பாதில்யா என்றே பெயர்.

"சி.ஐ.ஏ. உருவாக்கிய ஆள்தானே?"

சி.ஐ.ஏ. உதவியது உண்மை. எட்வர்ட் லான்ஸ்டேல் என்ற அமெரிக்க அதிகாரி நெருங்கிய நண்பர். அமைச்சரான புதிதில் மகசேசே அவர் வீட்டிலேயே தங்கியிருந்தார். 1953 தேர்தலுக்கும் அமெரிக்க ஆதரவு இருந்தது. வெளியுறவில் அவர் அமெரிக்கா பக்கமே சாய்ந்தார், சீட்டோ என்ற தென்கிழக்கு ஆசியப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1954ல் மணிலாவில்தான் கையெழுத்தானது. இது அவர்மீது விழும் சரியான விமர்சனம். ஆனால் ஏறக்குறைய 69 சதவீத ஓட்டை வெளிநாட்டுப் பணம் மட்டும் வாங்கித் தராது. தந்தி அடித்தவர்களின் ஓட்டும் அதில் இருக்கிறது.

"அதிபராக என்ன செய்தார் ஐயா?"

1953 டிசம்பர் 30 அன்று கோட்டு சூட்டு இல்லாமல் பரோங் தகலாக் என்ற அந்த நாட்டுப் பாரம்பரியச் சட்டையில் பதவியேற்றார். அதிபர்களில் அதை முதலில் செய்தவர் அவர். மலகன்யாங் என்ற அதிபர் மாளிகையின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அன்றே குறைதீர்ப்புக் குழு ஒன்றை அமைத்து ஆணையிட்டார்; தந்தி ஏற்பாட்டையே நாடு முழுக்கப் பெரிதாக்கிய மாதிரி.

"நிலச் சீர்திருத்தம்?"

அங்கேதான் தோற்றார். 1955 சட்டம் நாடாளுமன்றத்துக்குப் போனபோது, அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் நிலச்சுவான்தார்கள் நிறைய. வெளியே வந்தபோது, தனிநபரிடம் ஒரே தொடர்ச்சியாக 300 ஹெக்டேருக்கு மேல் இருந்தால்தான் கைவைக்கலாம், அதுவும் குத்தகைதாரர்களில் பெரும்பான்மையோர் மனு கொடுத்தால்தான் என்று ஆகியிருந்தது. கம்பெனி என்றால் 600 ஹெக்டேர். கடன்பட்ட விவசாயி பண்ணையாரை எதிர்த்து மனு கொடுப்பானா? கெட்ட அதிகாரியை நீக்க ஓர் உத்தரவு போதும். நிலத்துக்கு அது போதவில்லை.

"சாவில் சதி உண்டா?"

1957 மார்ச் 17, நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு செபுவிலிருந்து மணிலாவுக்குக் கிளம்பிய விமானம் மனுங்கல் மலையில் மோதியது. 26 பேரில் 25 பேர் இறந்தார்கள். விசாரணை சொன்ன காரணம் உலோகச் சோர்வு: எஞ்சினுக்குள் சுழலும் தண்டு ஒடிந்தது. நான் அதைத்தான் ஏற்கிறேன். அவருக்கு 49 வயது.

பிழைத்தவர் நெஸ்டர் மாதா என்ற நிருபர் ஒருவர் மட்டும். உடம்பெல்லாம் தீக்காயம். மலையில் இருந்த விவசாயிகள் அவரைத் தூளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதி அனுப்பிய செய்தி, அதிபர் இறந்துவிட்டார் என்றுதான் தொடங்கியது.

"அந்த இடத்தைப் பார்க்கலாமா?"

பார்க்கலாம். செபுத் தீவின் பலம்பான் ஊர் எல்லையில் இருக்கிறது, நினைவுச் சின்னம் உண்டு. ஒவ்வொரு மார்ச் மாதமும் உள்ளூர்க்காரர்கள் கூட்டமாக மலையேறுகிறார்கள். போனால் அவர்களோடு சேர்ந்து ஏறுங்கள்.