கத்தோலிக்க மாணவி என்றால் நாள் முழுக்க ஜெபம்தானா?

"கத்தோலிக்க மாணவரின் ஒரு நாள் எப்படி இருக்கும்? எப்போதும் ஜெபமாலையும் கையுமாக இருப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. சாதாரண நாளில் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம் வந்தாலே அதிகம்.

நான் தூத்துக்குடியில் சிஸ்டர்கள் நடத்தும் ஒரு விடுதியில் தங்கி பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம் இருக்கும் கடற்கரை ஊரான மணப்பாடு. நேற்று தவக்கால வெள்ளி, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் வரும் வெள்ளிக்கிழமை. எங்களுக்கு இருப்பதிலேயே கனமான நாள் அதுதான், அதையே சொல்கிறேன்.

காலை ஐந்தரைக்கு ஒரு சிஸ்டர் கைமணியை ஆட்டிக்கொண்டு வராந்தாவில் நடப்பார். முணுமுணுத்தால் சவேரியார் கதை வரும். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது எங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்கு, வந்த புனித சவேரியார் தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித்தான் தமிழில் ஜெபம் சொல்லிக் கொடுத்தார். அவர் தங்கியதாகச் சொல்லும் குகை எங்கள் ஊர்க் கடற்கரையில் இன்றும் இருக்கிறது. அவர் மேல் எனக்குப் பக்தி உண்டு. ஆனால் ஐந்தரை மணிக்கு இல்லை.

ஆறு மணிக்கு மூவேளை ஜெபம் (காலை, மதியம், மாலை சொல்லும் மாதா ஜெபம்), அப்புறம் பூசை. புத்தகத்தில் திருப்பலி என்றுதான் இருக்கும், எங்கள் வீட்டில் இன்னும் பூசைதான். வார நாளில் அரை மணியில் முடிந்துவிடும். விடுதியில் இந்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அந்த நேரம் அவர்களுக்குப் படிப்பு நேரம். என் அறைத்தோழி புத்தகத்தை விரித்து வைத்து அதன் மேலேயே தூங்குவாள். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

ஒன்பதிலிருந்து மூன்று வரை கல்லூரி. அங்கே நான் காஸ்ட் அக்கவுண்டிங் புரியாத இன்னொருத்தி, அவ்வளவுதான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மட்டும் நெற்றியில் பூசியிருந்த சாம்பலைப் பார்த்து, "நீங்களும் திருநீறு பூசுவீங்களா?" என்று ஒரு தோழி கேட்டாள். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பல் என்று சொன்னேன். "எங்க வீட்டுல தினம் பூசுறோம், நீங்க வருஷத்துக்கு ஒரு நாளா?" என்றாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். தவக்கால வெள்ளியில் இறைச்சி கூடாது, அதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். மீன் சாப்பிடலாம். கடற்கரைக்காரிக்கு இது எந்த ஊர் தபசு? எங்கள் வீட்டில் கோழியே பண்டிகைக்குத்தான், மீன் தினமும். அதனால் ஆச்சி எனக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்: தபசு காலம் முழுக்க மீனை விடு. வெள்ளி மதியம் விடுதியில் மீன் குழம்பு மணக்கும்போது நான் ரசமும் முட்டைக்கோஸும் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, கட்டாயம் என்பது சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும்தான், அதுவும் 18 வயதிலிருந்து 59 வரைக்கும்தான். ஆச்சிக்கு 78. எல்லா வெள்ளியும் ஒருசந்தி இருக்கிறார். வேண்டாமென்று சாமியாரே, அதாவது எங்கள் பாதிரியாரே, சொல்லிப் பார்த்துவிட்டார். கேட்டால்தானே!

மாலை ஐந்தரைக்குச் சிலுவைப்பாதை, இயேசு சிலுவை சுமந்து போனதை நினைத்துச் செய்யும் ஜெபம். 14 நிலை, ஒவ்வொன்றுக்கும் முழந்தாள்படியிட்டு எழ வேண்டும். ஒன்பதாவது நிலையில், இயேசு மூன்றாம் முறை விழும் இடத்தில், எனக்கும் முட்டி கழன்றுவிடும். ஆனால் உண்மையைச் சொன்னால், முழு நாளில் நான் மனசோடு ஜெபிப்பது இங்கேதான். காலைப் பூசையில் பாதித் தூக்கம். இங்கே "எங்கள்பேரில் தயவாயிரும் சுவாமி" என்று எல்லாரும் இழுத்துச் சொல்லும்போது, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, அப்பா கடலில் இருக்கிறார், உள்தேர்வில் மார்க் போய்விட்டது என்று எல்லாம் தானாக ஞாபகம் வரும். யாரும் வரவழைக்க வேண்டாம்.

இரவு ஏழரைக்கு ஜெபமாலை. வெள்ளி என்பதால் துயர மறையுண்மைகள், அதாவது இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் பகுதி, இருபது நிமிடம். அப்புறம் பத்து வரை படிப்பு. நடுவில் வீட்டுக்குப் பேச பத்து நிமிடம் செல்போன் கையில் கிடைக்கும்.

ஆச்சியின் முதல் கேள்வி, "சிலுவைப்பாதைக்குப் போனியா?" சாப்பிட்டியா என்பது இரண்டாவதுதான். நேற்று குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மீனில்லாமல் நான் மெலிந்துவிட்டதாக அம்மா சொல்லியிருப்பார் போல.

"ஏட்டி, ஞாயித்துக்கிழம தபசு கணக்குல வராது. வந்து தின்னுட்டுப் போ."

படிப்பு நேரத்தில் காஸ்ட் அக்கவுண்டிங்கை மூடிவிட்டு காலண்டரை எண்ணினேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனி வரை 46 நாள். அதில் ஞாயிறு ஆறு. கழித்தால் சரியாக 40, தவக்காலத்துக்குச் சொல்லும் அதே நாற்பது நாள். கிழவி சொன்னது சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. இன்றைக்குப் பிடித்த மீனிலேயே எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் திருச்செந்தூர் பஸ் ஏறுகிறேன்.