நாலு வீடு தள்ளி

அன்புள்ள ஐயா,

மாடி வீட்டுப் பாட்டியின் உயிலில் இரண்டு வருடத்துக்கு முன் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அவர் மகள்தான் தாளைக் கொண்டுவந்து நீட்டினார். நான் படிக்கவில்லை, பாட்டியைப் பார்க்கவும் இல்லை. இப்போது பாட்டி இல்லை. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. ‘பாட்டி கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு’ என்கிறார்கள். வெறும் கையெழுத்துதானே? சட்டமே ஒரு சம்பிரதாயம்தானே? சாட்சி என்றால் உண்மையில் என்ன பொருள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சட்டம் சம்பிரதாயமா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. பொய்ச்சாட்சிக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு என்பதை எந்த வக்கீலும் சொல்வார். ‘வெறும் கையெழுத்து’ என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

என்ன பேச்சு தம்பி இது? உயில் எழுதியவர் போன பிறகுதான் உயிலுக்கு வேலையே வருகிறது. அவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அதனால்தான் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இரண்டு சாட்சி கேட்கிறது. அவர் கையெழுத்திடுவதைச் சாட்சி கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘நான் போட்டதுதான்’ என்று அவர் வாயாலேயே கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னாலேயே தானும் போட வேண்டும். உயிலைப் படிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் படிக்காதது தப்பே இல்லை. மாடிப்படி ஏறாததுதான் தப்பு.

என் அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதியவர். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் படுக்கையில் கிடந்தார். சோறூட்டிப் பார்த்துக்கொண்ட மகளுக்கே வீட்டை எழுதினார். ‘அவளுக்குத்தாம்ப்பா வீடு’ என்று அவர் சொல்லி அப்பாவே பலமுறை கேட்டிருக்கிறார். ஆனால் உயில் கையெழுத்துக்கு வந்த அன்று, மில்லிலிருந்து களைத்து வந்தவர், எங்கள் திண்ணையிலேயே வாங்கிப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மகன்கள் இருவரும் வழக்குக்குப் போனார்கள். இன்னொரு சாட்சி அதற்குள் இறந்திருந்தார். கூண்டில் நின்ற அப்பாவிடம் உயிலை நீட்டினார்கள். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார். ‘கையெழுத்து என்னுதுங்க. அவர் போட்டதை நான் பாக்கலைங்க.’ உயில் நிற்கவில்லை. வீடு மூன்று பங்கானது.

அப்பா உண்மை பேசித்தான் அந்த அக்கா வீட்டை இழந்தாள் என்று ஊர் சொன்னது. எனக்கு இன்றும் அதைக் கேட்டால் கோபம் வரும். அப்பா அப்படிச் சொல்லவில்லை. ‘கூண்டுல நெசத்தைத்தான் சொன்னேன். திண்ணையில போட்டேன் பாரு, அதுதான் பொய்’ என்றார். நாலு வீடு நடந்திருந்தால் அந்த வீடு அவளுக்கே நின்றிருக்கும்.

தீர்ப்பு வந்த அன்று அப்பா அங்கே போனார். அக்கா காபி கொடுத்தாளாம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

நீங்கள் பார்க்கவில்லை, அதையே சொல்லுங்கள். பாட்டியின் மகளிடம் இன்றைக்கே போய், கோர்ட்டில் இதைத்தான் சொல்லப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சம்மனில் என்ன தேதி என்று எனக்கு எழுதுங்கள்.