2,000 ரூபாயில் வேலு நாச்சியார் நாடகத்துக்குக் கூட்டம் சேர்க்க

வணக்கம் டீச்சர். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பள்ளியில் வேலு நாச்சியார் நாடகம், கையில் 2,000 ரூபாய், ஊர் மக்களை வரவழைக்க வேண்டும், ஃபிளெக்ஸ் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பாதிப் பணம் அதிலேயே போய்விடும், சாலையோரம் வைக்க அனுமதி வேறு வாங்க வேண்டும்.

சந்தை நாளில் பிள்ளைகளை வேடத்தோடு கூட்டிப் போங்கள். ஒரு பறை போதும், கூட்டம் தானாக நிற்கும். வேலு நாச்சியாரின் படைவீராங்கனை குயிலி எதிரியின் ஆயுதக் கிடங்குக்குள் நுழையும் காட்சியை இரண்டு நிமிடம் நடிக்கட்டும். தீ வைப்பதற்கு முன் நிறுத்திவிட்டு, "மீதி வெள்ளிக்கிழமை மாலை நம்ம பள்ளிக்கூடத்தில்!" என்று ஒரு குழந்தை உரக்கச் சொன்னால் போதும். தலைமையாசிரியர், பெற்றோர் சம்மதத்தை முன்பே வாங்கிவிடுங்கள்.

அப்புறம் நோட்டீஸ். ஒரு ஏ4 தாளில் நான்கு வரும். 250 தாளில் 1,000 நோட்டீஸ். "நான் ______ ஆக நடிக்கிறேன், கட்டாயம் வாங்க" என்று ஓர் இடம் விடுங்கள். பிள்ளை தன் கையால் நிரப்பி அத்தை, மாமா, பக்கத்து வீடு என்று கொடுக்கட்டும். பிள்ளை நேரில் வந்து அழைத்தால் யார்தான் மறுப்பார்கள்? மேடைக்கு வராமல் திரை இழுக்கும் பிள்ளைக்கும் நோட்டீஸ் கொடுங்கள், அதுவும் நாடகத்தில் ஒரு வேலைதான்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், அதனால் நாடகத்துக்கு முந்தைய நாள் இரவு போட்டால் சரி.

நேரத்தை மட்டும் மாற்றுங்கள். பிற்பகல் 3 மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகும் அம்மாக்கள் எப்படி வருவார்கள்? ஆறரைக்கு வையுங்கள்.