பின்வளவு ஷெட்டும் பக்கத்து வீட்டு முறைப்பாடும்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் வீட்டுப் பின்வளவில் ஷெட் போட்டவர்களும் போட இருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு. அங்கே இருப்பவர்கள் இந்த அளவுகளை அப்படியே எடுக்க வேண்டாம்.

அண்ணா, 8க்கு 6 அடி மர ஷெட் ஒண்டு வேண்டப்போறம். கவுன்சிலிட்ட பிளானிங் பெர்மிஷன் எடுக்கவேணுமோ?

ஃபிளாட் இல்லாமல் முழு வீடு என்றால் பெரும்பாலும் தேவையில்லை. 2015ஆம் ஆண்டின் அனுமதி ஆணையில் உள்ள 'கிளாஸ் ஈ' பிரிவு வீட்டுப் பாவனைக்கான கொட்டில்களுக்குப் பொது அனுமதி தருகிறது. ஒரு தட்டுத்தான் இருக்கலாம். வீட்டின் முகப்புச் சுவருக்கு முன்னால் வரக்கூடாது. தாழ்வாரம், அதாவது கூரையின் கீழ் விளிம்பு, 2.5 மீற்றரைத் தாண்டக்கூடாது. இருபக்கச் சரிவுக் கூரை என்றால் முகடு 4 மீற்றர், மற்றக் கூரைகள் 3 மீற்றர். ஆனால் ஷெட்டின் ஒரு மூலை எல்லைக்கு 2 மீற்றருக்குள் வந்தாலும் முழு ஷெட்டும் 2.5 மீற்றருக்குள் அடங்க வேண்டும். லண்டன் வளவுகளின் அகலத்துக்கு நடைமுறையில் இந்த 2.5தான் கணக்கு. 4 மீற்றரை மறந்துவிடுங்கள்.

பட்டியலிடப்பட்ட பழம்பெரும் கட்டடம் என்றால் இந்தச் சலுகை கிடையாது. சில புதுக் குடியிருப்புகளில் வீடு கட்டக் கொடுத்த அனுமதியின் நிபந்தனையிலேயே இதை நீக்கியிருப்பார்கள். அந்தக் கடிதத்தை ஒருமுறை வாசியுங்கள். எழுத்தில் உறுதி வேண்டுமென்றால் 'லோஃபுல் டெவலப்மென்ட் சேர்ட்டிஃபிக்கெற்' கேட்கலாம். கட்டுவதற்கு முன் கேட்டால் பிளானிங் விண்ணப்பத்தின் பாதிக் கட்டணம்தான்.

வளவில பாதி மட்டும்தான் மூடலாம் எண்டு சொல்லுகினம். அந்தப் பாதியை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது?

முழுக் காணியிலிருந்து 'ஒரிஜினல்' வீடு நிற்கும் இடத்தைக் கழியுங்கள். ஒரிஜினல் என்றால் முதலில் கட்டியபடி. பழைய வீடென்றால் 1948 ஜூலை 1 அன்று இருந்தபடி. காணி 200 சதுர மீற்றர், வீடு 50 என்று வையுங்கள். மீதி 150, அதில் பாதி 75. பின்னால் இழுத்துக் கட்டிய குசினி 24, பிறகு போட்ட கராஜ் 15 போக உங்களுக்கு மிஞ்சுவது 36. முந்திய சொந்தக்காரர் கட்டியதும் இந்தக் கணக்கில்தான் சேரும். பலர் சறுக்குவது இதில்தான்.

கற்றலொக்கில 2.4 மீற்றர் எண்டு பாத்துத்தான் வேண்டினனான். பக்கத்து வீட்டுக்காரர் உயரம் கூடிப்போச்செண்டு கவுன்சிலுக்கு எழுதிப்போட்டார். அவர் சொல்லுறது சரியோ?

சரியாக இருக்கலாம். விற்பவர் போடும் உயரத்தில் அத்திவாரம் சேர்வதில்லை. நிலத்துக்கு மேல் 100 மில்லிமீற்றர் கொங்கிறீற், அதன் மேல் 50 மில்லிமீற்றர் மரச்சட்டம் என்றால் 2.4 இப்போது 2.55 ஆகிவிட்டது. உயரத்தை ஷெட்டை ஒட்டிய இயற்கையான நிலத்திலிருந்து அளக்க வேண்டும். கொட்டி உயர்த்திய மண்ணிலிருந்தோ டெக்கிலிருந்தோ அல்ல. நிலம் சரிவாக இருந்தால் ஷெட்டைத் தொடும் நிலத்தின் மிக உயரமான இடத்திலிருந்து அளப்பார்கள். அதனால் மேட்டுப் பக்கம் 2.5 இருந்து, பள்ளத்தில் இருக்கும் அயலவருக்கு 2.9 போலத் தெரிந்தாலும் அது விதிக்குள்தான்.

5 சென்ரிமீற்றர் கூடியிருந்தால் முதலில் அடிச்சட்டத்தைப் பாருங்கள். கொங்கிறீற் மட்டமாக இருந்தால் சட்டத்தை மெல்லியதாக மாற்றலாம், ஆனால் காற்றோட்டம் அடைபட்டுத் தரை உக்கும். ஒருபக்கச் சரிவுக் கூரை என்றால் உயர்ந்த பக்கச் சுவரை வெட்டிக் குறைக்கலாம். அப்போது சரிவு குறையும், ஃபெல்ற் என்ற கூரைத் தார் விரிப்பின் விளிம்புகளுக்குள் தண்ணீர் ஏறும். ஆகவே ஒரே துண்டான ரப்பர் விரிப்புக்கு மாறி, மீற்றருக்கு 25 மில்லிமீற்றராவது சரிவு விடுங்கள். வெட்ட மனமில்லை என்றால் பின்னேற்பு அனுமதிக்கு, அதாவது கட்டிய பிறகு கேட்கும் பிளானிங் அனுமதிக்கு, விண்ணப்பிக்கலாம். அனுமதியில்லாமல் கட்டியது தன்னளவில் குற்றமல்ல. திருத்தச் சொல்லியோ அகற்றச் சொல்லியோ கவுன்சில் அனுப்பும் அமலாக்க நோட்டீஸ் வந்த பிறகு அதை மீறுவதுதான் குற்றம். நோட்டீஸ் நடைமுறைக்கு வரும் திகதிக்கு முன் அப்பீல் செய்ய வேண்டும். அந்த நாள் தவறினால் வழி அடைபட்டுவிடும்.

இன்னும் போடாதவர்கள் 175 மில்லிமீற்றர் தோண்டி, 100 மில்லிமீற்றருக்குக் கல்லும் அதன் மேல் 100 மில்லிமீற்றருக்குக் கொங்கிறீற்றும் போடுங்கள். நிலத்துக்கு மேல் 25 மில்லிமீற்றர்தான் தெரியும்.

எங்கட ஷெட் கூரைத் தண்ணி அவையின்ர பக்கம் விழுகுதெண்டு சண்டை. இதுவும் கவுன்சிலுக்குப் போகுமோ?

போகாது. தண்ணீர், எல்லைக்கோடு, வேலி எல்லாம் தனியார் வழக்கு. பிளானிங் அதிகாரி கை வைக்க மாட்டார். ஆனாலும் சட்டப்படி அவர்கள் பக்கம் பலமாகவே இருக்கும். 8க்கு 6 அடிக் கூரை ஏறக்குறைய 4.5 சதுர மீற்றர். 10 மில்லிமீற்றர் மழைக்கே 45 லீற்றர் தண்ணீர் வடியும். உங்கள் பீலியின் விளிம்பு எல்லையைத் தாண்டி நின்றால் அதுவே அத்துமீறல். கூரைச் சரிவை உங்கள் வளவுப் பக்கம் திருப்பி, பீலி போட்டு, தண்ணீர்ப் பீப்பாய்க்குள் விடுங்கள். வேலிக்கும் ஷெட்டுக்கும் நடுவே 45 முதல் 60 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கட்டும். இல்லாவிட்டால் பெயின்ற் அடிக்க அடுத்தவர் வளவுக்குள் போகவேண்டி வரும், அதற்கு உங்களுக்குத் தானாக உரிமை இல்லை.

நாங்கள் கீழ் ஃபிளாட்டில இருக்கிறம். பின்வளவு எங்கட பாவனைக்குத்தான். அனுமதி இல்லாமல் ஷெட் போடலாமோ?

கிளாஸ் ஈ ஃபிளாட்டுகளுக்குப் பொருந்தாது. சின்ன ஷெட்டுக்கும் விண்ணப்பம் தேவை. லீஸ் என்றால் காணிச் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும்.

ஐயா, ஷெட்டுக்குள்ள கட்டில் போட்டுச் சொந்தக்காரப் பெடியன் ஒராள் தங்கலாமோ? இல்லாட்டி அதுக்குள்ள சமைச்சு ஓடர் குடுக்கலாமோ?

உயரம் சரியாக இருந்தாலும் பாவனையில் மாட்டுப்படும் இடம் இது. கிளாஸ் ஈ அனுமதிப்பது வீட்டுக்குத் துணையான பாவனையை மட்டும்: சைக்கிள், தோட்டச் சாமான், உடற்பயிற்சி, பொழுதுபோக்கு வேலை. படுக்கையறை துணைப் பாவனை அல்ல. 15 சதுர மீற்றருக்குக் குறைந்த ஷெட்டுக்குக் கட்டட விதிகளிலிருந்து கிடைக்கும் விலக்கும், உள்ளே ஆள் படுத்தால் போய்விடும். புகை எச்சரிக்கைக் கருவி, தப்பும் வழி இல்லாத மரப்பெட்டிக்குள் ஹீற்றரை மூட்டி ஆளைப் படுக்கவிடுவது உயிராபத்து. வீட்டிலிருந்து புதுச் சேர்க்கிட் இழுத்து மின்சாரம் கொடுப்பதென்றால் பதிவுபெற்ற மின் வேலையாளைக் கொண்டு செய்து சான்றிதழ் வாங்குங்கள்.

சமையல் தொழில் என்றால் தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும், கட்டணம் இல்லை. வேலை பெருகி ஆட்களும் வண்டிகளும் வந்து போகத் தொடங்கினால் பாவனை மாற்ற அனுமதி கேட்பார்கள். இன்னொன்று: 1990 சுற்றாடல் சட்டத்தில் மணம் பற்றிய தொல்லைப் பிரிவு தொழில் நடக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். வீட்டுக்குக் கருவாடு பொரித்தால் அந்தப் பிரிவில் முறைப்பாடு நிற்காது. ஓடருக்குப் பொரித்தால் நிற்கலாம்.

நான் மற்றப் பக்கம், அண்ணா. அயலவர் பெரிய ஷெட் கட்டுறார். முறைப்பாடு செய்தால் என்ர பேர் தெரியவருமோ?

அமலாக்கப் பிரிவுக்கு எழுதும் முறைப்பாட்டில் உங்கள் பெயரைப் பொதுவாக இரகசியமாக வைப்பார்கள். பிளானிங் விண்ணப்பத்துக்கு எதிராக எழுதும் கடிதம் அப்படியல்ல; அதைப் பொதுவில் போடுவது வழக்கம். எழுதும்போது முகவரி, வேலை தொடங்கிய நாள், எல்லையிலிருந்து தூரம், உத்தேச உயரம், படங்கள் கொடுங்கள். காட்சி மறைகிறது, வீட்டு விலை குறையும் என்பவை பிளானிங்கில் எடுபடா. விதியை மீறியிருந்தாலும் நடவடிக்கை எடுப்பதா என்பது கவுன்சிலின் முடிவு. சில சென்ரிமீற்றருக்காக இடிக்கச் சொல்வது அரிது. 2024 ஏப்ரல் 25க்கு முன் பெருமளவு கட்டி முடிந்தவற்றுக்கு நான்கு வருடமும், பிறகு முடிந்தவற்றுக்குப் பத்து வருடமும் அமலாக்கக் காலம், அதாவது கவுன்சில் நடவடிக்கை எடுக்கக்கூடிய காலம்.

எழுதுவதற்கு முன் அளவுநாடாவோடு போய் அவரோடு கதைத்துப் பாருங்கள். வீடு விற்கும்போது நிரப்பும் டிஏ6 படிவத்தில் அயலவரோடு இருந்த தகராறுகளையும் முறைப்பாடுகளையும் காட்ட வேண்டும். அது அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.