காயடிப்பது வேறு, குழாயைக் கட்டுவது வேறு

கேள்வி: என் வயது 36. நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறேன். மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சிசேரியன். சின்னவன் எடை குறைவாகப் பிறந்ததால் அப்போது மனைவிக்குக் குடும்பக்கட்டுப்பாடு செய்யாமல் தள்ளிப்போட்டோம். அவனுக்கு இப்போது இரண்டு வயது. மனைவிக்கு ரத்தசோகை இருக்கிறது. 'நீங்கள் செய்துகொள்ளலாமே' என்கிறார் கிராம சுகாதாரச் செவிலியர். எனக்குச் சம்மதம். ஆனால் 'மாட்டுக்குக் காயடித்த மாதிரி ஆகிவிடும், பாரம் தூக்க முடியாது' என்று அம்மா அழுகிறார். தாம்பத்திய உறவு பழையபடி இருக்குமா? விந்து வருமா? நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் மறுபடி குழந்தை பெற முடியுமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். ஆண்களுக்கான இந்தக் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு (வாசெக்டமி) வருபவர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பது அந்தக் காயடிப்புப் பயம்தான். வெட்கத்தில் வேறு எதையெதையோ கேட்பார்கள். அம்மா வாய்விட்டுச் சொல்லிவிட்டார், நல்லதாயிற்று.

காளைக்குக் காயடிக்கும்போது பெரிய இடுக்கியைக் கொண்டு விதைக்குப் போகும் கொடி முழுவதையும் நசுக்குகிறார்கள். அதற்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் சேர்ந்து நசுங்குகின்றன. ரத்தம் போகாத விதை சுருங்குகிறது, ஆண் ஹார்மோன் சுரப்பது நிற்கிறது, காளை எருதாகிறது. உங்களுக்குச் செய்யப்போவதில் அந்த ரத்தக்குழாய்களுக்கு எந்தச் சேதமும் இல்லை. பக்கத்தில் ஓடும் விந்துக்குழாயை மட்டும் வெளியே எடுத்து, சிறு துண்டு வெட்டி, முனைகளைக் கட்டி உள்ளே விட்டுவிடுவோம். குளிக்கும்போது விதைப்பையின் மேற்பகுதியை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் சணல் கயிறு போல ஒன்று கெட்டியாகத் தட்டுப்படும். அதுதான் அந்தக் குழாய். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் அதன் வழியாகப் போவதில்லை, விதையில் சுரந்து நேரே ரத்தத்தில் கலக்கிறது. ஆகவே தசை வலு, மீசை தாடி, குரல், ஆசை எதுவும் குறையாது.

அம்மாவுக்கு இன்னொரு செய்தி, இதுவும் மாட்டிலிருந்தே. பசு பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சில பண்ணைகளில் காளைக்கு இதே குழாய் அறுவையைச் செய்து மந்தையில் விடுவார்கள். அது பழையபடி பசுவைத் தேடிப் போகும், ஏறும், சினை மட்டும் பிடிக்காது. ஆசை போய்விடுமென்றால் அந்தக் காளையை வைத்துக்கொண்டு பண்ணைக்காரர் என்ன செய்வார்?

விந்து வரும். வழக்கம்போலவே வரும். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான அந்தத் திரவத்தில் விந்தணுக்களின் பங்கு நூற்றில் ஐந்துக்குள்தான். மீதி எல்லாம் விந்துப்பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் தருவது. அவை இரண்டும் வெட்டுப்படும் இடத்துக்கு அப்பால் இருப்பதால் அளவிலோ நிறத்திலோ வித்தியாசம் தெரியாது. முதல் சில தடவை லேசாக ரத்தம் கலந்து பழுப்பாக வரலாம், பயப்பட வேண்டாம். விறைப்பு ரத்த ஓட்டத்தையும் நரம்பையும் சார்ந்தது, உச்சத்தின் சுகமும் அப்படியே. இரண்டையும் இந்தச் சிகிச்சை பாதிப்பதில்லை. உள்ளே தேங்கும் விந்தணுக்கள் வெடித்துவிடுமோ என்று கேட்பவர்கள் உண்டு. அவை சிதைந்து உடலாலேயே உறிஞ்சப்பட்டுவிடும்.

பிறகு ஏன் சிலர் 'ஆபரேஷனுக்குப் பிறகு முடியவில்லை' என்கிறார்கள்? இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நாற்பதை ஒட்டிய வயதில் விறைப்புக் குறைந்து வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும்தான். புகை, மது, தூக்கமின்மை அடுத்து. உங்கள் தொழிலில் இந்த மூன்றும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை ரத்தக்குழாய்களை அரித்துக்கொண்டிருக்கும், பழி ஐந்து ஆண்டுக்கு முன் செய்த கருத்தடைமீது விழும். விறைப்புக் குறைவது இதய நோயின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம், அதனால் இந்தப் பழி ஆபத்தானது. இன்னொரு வகையினர், பிறர் நெருக்கியதால் அரைமனத்தோடு வந்தவர்கள். பயம் படுக்கையில் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல், இந்தியாவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இதைச் செய்தார்கள், பலருக்குக் கட்டாயப்படுத்தி. ஒரு நல்ல சிகிச்சையின் பெயர் அப்போது கெட்டது, இன்னும் மீளவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். வயிற்றைத் திறக்கும் சிகிச்சையைப் பெண்கள் ஏற்கிறார்கள், ஊசித்துளை அளவுச் சிகிச்சைக்கு ஆண்கள் ஓடுகிறார்கள்.

ஆம், அவ்வளவு சின்ன துளைதான். கத்தி இல்லாத இந்த முறையை 1974இல் சீனாவின் சிச்சுவானில் மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கினார். மரத்துப்போக ஓர் ஊசி, பதினைந்து இருபது நிமிடம், தையல் கிடையாது. அன்றே வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் ஓய்வு, இறுக்கமான ஜட்டி, ஒரு வாரத்துக்கு லாரி ஓட்டுவதும் பாரம் தூக்குவதும் தார்ப்பாய்க் கயிறு இழுப்பதும் கூடாது. அதன்பின் எப்போதும்போல மூட்டை தூக்கலாம். உறவும் ஒரு வாரம் கழித்து. விதைப்பை வேகமாக வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் வைத்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். நூற்றில் ஒருவர் இருவருக்கு மாதக்கணக்கில் தொந்தரவு தரும் வலி தங்கிவிடுவதும் உண்டு. அதை மறைத்துச் சிகிச்சைக்கு அழைப்பது நியாயமில்லை.

இனி நான் மிகவும் வலியுறுத்தும் விஷயம். அறுவை முடிந்த அன்றே நீங்கள் பாதுகாப்பான ஆள் ஆகிவிடுவதில்லை. வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த விந்தணுக்கள் அங்கேயே காத்திருக்கும். அவை தீரக் குறைந்தது மூன்று மாதமும், சுமார் இருபது முறை விந்து வெளியேறுவதும் வேண்டும். மாதத்தில் இருபது நாள் சாலையில் இருக்கும் உங்களுக்கு மூன்று மாதக் கணக்கு மட்டும் போதாமல் போகலாம். அதுவரை ஆணுறையோ வேறு கருத்தடையோ அவசியம். பிறகு விந்துப் பரிசோதனை. ஆய்வகம் தரும் சுத்தமான டப்பாவில், சுயஇன்பத்தின் மூலம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். ஆணுறையில் பிடித்தது செல்லாது. 'விந்தணு இல்லை' என்று சீட்டு கையில் வந்த பிறகே ஆணுறையை விடலாம். அதன் பிறகும் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒருவருக்குக் குழாய் தானாகச் சேர்ந்து கரு தங்கக்கூடும்.

இந்தச் சீட்டை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்றால், அது இல்லாததால் உடைந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக்கு வெட்கப்பட்டு வராத ஒருவர் அறுவை முடிந்த நான்காம் மாதம், கருவுற்றிருந்த மனைவியை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் கேட்ட கேள்வியை இங்கே எழுத மனமில்லை. அவருடைய விந்தை அன்றே சோதித்தோம், விந்தணுக்கள் இருந்தன. அந்தப் பெண் கடைசிவரை என் மேசையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மறுபடி குழந்தை வேண்டுமென்றால்? வெட்டிய குழாயைச் சேர்க்கும் சிகிச்சை உண்டு. காலம்தான் அதில் எதிரி. 1991இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில், மூன்று ஆண்டுக்குள் சேர்த்துக்கொண்டவர்களின் மனைவியரில் நூற்றுக்கு 76 பேருக்குக் கரு தங்கியது. பதினைந்து ஆண்டு தாண்டியவர்களிடம் அது 30 ஆகச் சுருங்கியது. அதுவும் நுண்ணோக்கி வைத்துத் தைக்கும் தேர்ந்த கைகளின் கணக்கு, மனைவியின் வயதும் சேர்ந்துகொள்ளும். விதையிலிருந்து ஊசியால் விந்தணுவை எடுத்துச் சோதனைக்குழாய் முறையில் கருவாக்கலாம், செலவு லட்சங்களில் போகும். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் கருக்குழாயைச் சேர்த்துக்கொள்ளத் தமிழக அரசு உதவியது நினைவிருக்கும். அப்படியொரு நாள் வராது என்று யாரும் எழுதித்தர முடியாது. என்றாலும் 'பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் மனத்தின் ஓரத்தில் இருந்தால் இப்போது செய்யாதீர்கள். மனைவிக்குக் காப்பர் டி பொருத்திக்கொண்டு சில ஆண்டுகள் யோசிக்கலாம். ரத்தசோகை இருப்பதால், மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமா என்று மகளிர் மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எல்லா ஓட்டுநர்களிடமும் சொல்வதுதான்: இந்தச் சிகிச்சை கருவைத் தடுக்கும், எச்.ஐ.வி. போன்ற பால்வினை நோய்களைத் தடுக்காது.

அரசு மருத்துவமனையில் இது இலவசம், ஊக்கத்தொகையும் தருகிறார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான சிறப்பு முகாம்களும் நடக்கும். ஆனால் முகாமுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மனைவியின் கையெழுத்து கட்டாயமில்லை, ஆனாலும் அவரையும் கூட்டிப் போங்கள், மூன்று மாதக் கணக்கை இரண்டு பேரும் கேட்டுக்கொள்வது நல்லது. லோடு இறக்கிவிட்டு வந்து ஒரு வாரமாவது வண்டி ஏறாமல் இருக்கும்படி பார்த்து நாள் குறியுங்கள்.