அன்று பால் வெட்டப் போனவர்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. ஆறாம் படிவம் முடித்து, கோலாலம்பூரில் வரலாறு படிக்கிறேன். இது இரண்டாம் பருவம். வகுப்பு மலாயில் நடக்கிறது, வாசிக்கச் சொல்வதெல்லாம் ஆங்கிலத்தில். பத்துப் பக்கம் வாசிக்க எனக்கு ஓர் இரவு ஆகிறது. வாசித்த பிறகும் என்ன வாசித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. டுடோரியலில் மற்றவர்கள் பேசும்போது நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன வாரம் அவரவர் ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். 1948ஐ விட்டால் எங்கள் ஊருக்கு என்ன வரலாறு இருக்கிறது? அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். போன் செய்யும்போதெல்லாம் "இதைப் படிச்சா என்னம்மா வேலை கிடைக்கும்?" என்கிறார். பேசாமல் கணக்கியலுக்கு மாறிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

பத்துப் பக்கத்துக்கு ஓர் இரவு என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியான வேகம்தான். நானும் நம்மூரிலிருந்து போனவன். முதல் வருடம் மடியில் அகராதியை வைத்துக்கொண்டு ஒரே பத்தியை நான்கு தடவை வாசித்திருக்கிறேன். வரலாற்றில் ஒரு பத்தியை வாசிப்பதென்றால் சொற்களுக்கு அர்த்தம் பார்ப்பதோடு முடியாது. இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், யாரிடம் கேட்காமல் விட்டார் என்று பார்க்க வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். வேகமாக வாசிக்கும் உங்கள் தோழர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்விகளை இன்னும் தொட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று மொழிக் குழப்பத்துக்கும் ஒன்று சொல்கிறேன். உங்கள் பாட்டி "கித்தாக் காட்டுலேர்ந்து லயத்துக்கு வந்தேன்" என்று சொல்லியிருப்பார். கித்தா மலாய் 'கெத்தா', அதாவது ரப்பர். லயம் ஆங்கில 'லைன்', தோட்டத்து வரிசை வீடு. காடும் வந்தேனும் தமிழ். ஒரே வாக்கியத்தில் மூன்று மொழிகளைச் சிரமமே இல்லாமல் புழங்கிய வீட்டிலிருந்து போயிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் நான்கு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலாயில் கட்டுரை எழுத உட்காரும்போது அந்த நான்கு வரி கைகொடுக்கும். எனக்குக் கொடுத்தது.

சரி, ஊருக்கு வருவோம்.

1948 ஜூன் 16. காலை எட்டரை மணி வாக்கில் எல்பில் தோட்டத்து மேனேஜர் ஆர்தர் வாக்கர் தம் ஆபீசில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொஞ்ச நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியனும். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகப் பிரகடனமான அவசரகாலம் 1960 வரை நீடித்தது. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். பாடநூலில் இருக்கிறது, மூன்று பேரின் பெயரும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும்.

இப்போது அந்த எட்டரை மணியைக் கொஞ்சம் யோசியுங்கள். விடியற்காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து வெட்டுக்காரர்கள் ரப்பர் காட்டுக்குள் இருந்த நேரம் அது. வெட்டு பாதி முடிந்திருக்கும், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்திருக்கும். சத்தம் கேட்டதா அவர்களுக்கு? யார் வந்து சொன்னது, எந்த மொழியில்? ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த பிள்ளைகளைத் தேடி ஓடினார்களா? அன்றைக்குப் பால் நிறுத்தார்களா, அன்றைய கூலி கிடைத்ததா? நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. உங்கள் ஊருக்கு வரலாறு இல்லாமல் இல்லை, க. இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்த ஆள் இன்னும் போய்க் கேட்கவில்லை. எட்டரை மணிக்கு வெட்டு பாதியில் இருக்கும் என்பது உங்களுக்குச் சொல்லாமலே தெரியும். கூடப் படிக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்காக, வீட்டுக் கதை எல்லாம் உண்மை என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது தேசிய ஆவணக் காப்பகத்தில் தொழிலாளர் இலாகாவின் பழைய ஆண்டறிக்கை ஒன்றைப் புரட்டினேன். ஓர் அட்டவணை: வந்தவர்கள், பிறந்தவர்கள், இறந்தவர்கள், அப்புறம் 'ஓடிப்போனவர்கள்'. ஆளுக்கு முகம் கிடையாது, எண் மட்டும். விடுமுறைக்கு வந்து பாட்டியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "நானும் உங்க தாத்தாவும் அப்படி வந்தவங்கதானே" என்றார். முன்பு இருந்த தோட்டத்தில் கங்காணி தொல்லை. ராத்திரியோடு ராத்திரியாக, ஒரு பானை, ஒரு பாய், தூங்குகிற பிள்ளை, அவ்வளவுதான் எடுத்துக்கொண்டு ரயில் பாதையோரமாக நடந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாத சேதி அது.

ஜப்பான்காரன் வந்த பிறகு நடந்தது என்று பாட்டி உறுதியாகச் சொன்னார். ஆனால் அவர் சொன்ன கூலிக் கணக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அது போருக்கு முந்தைய கூலி. பாட்டிக்கு வருடம் பிசகியிருந்தது, கூலி பிசகவில்லை. அறிக்கையில் வருடம் சரியாக இருந்தது, பானையும் பாயும் இல்லை. அன்று ராத்திரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வரலாறு படிப்பது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது அப்போதுதான், மூன்றாம் வருடத்தில். நீங்கள் இரண்டாம் பருவத்தில் இருக்கிறீர்கள். அவசரம் வேண்டாம்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அதைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. குனிந்து பழம் பொறுக்கிய முதுகு கேட்கிற கேள்வி அது, அதை மட்டமாக நினைத்துவிடாதீர்கள். உறுதியான வேலை என்று இந்தப் பட்டம் எதையும் கையில் தராது. அதை அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் வழிகள் இருக்கின்றன. ஆசிரியர் பயிற்சி, பத்திரிகை, ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம். அரசின் நிர்வாக, அரசதந்திரச் சேவைக்கு எந்தத் துறைப் பட்டத்தோடும் விண்ணப்பிக்கலாம். நல்ல மலாயில் நான்கு பக்கம் கோவையாக எழுதத் தெரிந்தவருக்கு எந்த அலுவலகத்திலும் தேவை உண்டு. பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனை எப்படி அடைப்போம் என்பதையும் இப்போதே அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள். பாதிப் பயம் அதிலேயே போகும்.

அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லலாம். 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கிய காலத்தில், அதற்குத் தமிழ் நூல்கள் வாங்க 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். கூலி வேலை செய்தவர்களும் கொடுத்தார்கள். அந்த அலமாரிகளிலிருந்து நான் புத்தகம் எடுத்து வாசித்திருக்கிறேன்.

கணக்கியல் பிடித்திருந்தால் தாராளமாக மாறுங்கள், அது நல்ல படிப்பு. டுடோரியலில் பேச வாய் வரவில்லை என்பதற்காக என்றால், இந்த ஒரு கட்டுரையையாவது எழுதி முடித்துவிட்டு யோசியுங்கள்.

1948இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று எண்பத்தைந்து தாண்டிவிட்டது. நம்மூர்ப் பக்கம் அப்படி இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவருக்குக் காது மந்தம், காலையில் பசியாறிய பிறகுதான் நன்றாகப் பேசுவார். பருவ விடுமுறைக்கு வரும்போது சொல்லுங்கள், நானே கூட்டிப்போகிறேன். எடுத்த எடுப்பில் சுட்டதைப் பற்றிக் கேட்க வேண்டாம். அன்றைக்கு வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.