கேம் செய்யப் போகிறாராம் மகன்

கேள்வி: மகனுக்கு 17 வயது, பதினோராம் வகுப்பு. படிப்பில் குறையில்லை, ஆனால் இரவிரவாக வீடியோ கேம். இப்போது கேம் டிசைன்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஓகஸ்டில் ஃபேன் எக்ஸ்போ என்ற கேம், கொமிக் ரசிகர் விழாவுக்கு வேஷம் கட்டிப் போகவென்று குசினி நிலத்தில் ஃபோம் வெட்டி ஒட்டிக் கவசம் செய்கிறார். தகப்பன் அவரோடு கதைத்து இரண்டு கிழமை. நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: அன்புத் தங்கச்சி,

இரவிரவாக விளையாடுகிறார் என்பதை வாசித்தபோது வராத நம்பிக்கை, குசினியில் ஃபோம் வெட்டுகிறார் என்றபோதுதான் எனக்கு வந்தது. அது லேசான வேலையில்லை. கடதாசியில் அளவெடுத்துக் கீறி, அதை ஃபோமில் வெட்டி, சூடு காட்டி வளைத்து, மூட்டுத் தெரியாமல் ஒட்டி, இரும்பு போலத் தெரிய வர்ணம் பூச வேண்டும். என் பெறாமகள் ஒரு தோள்பட்டைக்கே நாலு கிழமை மினைக்கெட்டாள். மூன்று தரம் பிழைத்து நாலாம் தரம்தான் பொருந்தியது. அந்த வருஷம் அவளோடு நானும் அந்த விழா நடக்கும் மெற்றோ ரொறன்ரோ மாநாட்டு மண்டபத்துக்குப் போனேன். கையிலிருக்கும் பொம்மை வாளைக்கூடச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். முன்பின் தெரியாத பிள்ளைகள் அவளை மறித்து, "இதை எப்படிச் செய்தாய்?" என்று தோள்பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பயப்படாமல் அனுப்புங்கள்.

படிப்புக்கு வருவோம். கனடாவில் இது ஊர்பேர் தெரியாத தொழிலில்லை. யூபிசொஃப்ட் என்ற பெரிய கேம் நிறுவனம் 1997 இல் மொன்றியலில் கிளை தொடங்கியது. கியூபெக் அரசு சம்பளச் செலவில் ஒரு பங்கைத் தாங்கியதால் அந்த நகரத்தில் இந்தத் தொழில் வேர்விட்டது. எட்மன்ரனில் 1995 இல் பயோவேர் என்ற கேம் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் மருத்துவம் படித்தவர்கள். இதைத் தகப்பனுக்கு மறக்காமல் சொல்லுங்கள். ஓக்வில்லில் ஷெரிடன் கல்லூரி இதற்கென்றே பட்டப்படிப்பு வைத்திருக்கிறது.

ஆனால் தகப்பனின் பயமும் நியாயமானது. 2023 இலிருந்து பெரிய நிறுவனங்களே ஆட்களை வேலையால் நிறுத்துகின்றன. அதனால் ஒன்றில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது: பன்னிரண்டாம் வகுப்பில் கல்குலஸ் என்ற கணிதப் பாடத்தை மகன் கைவிடக் கூடாது. அது இருந்தால் கணினி விஞ்ஞானத்துக்கும் போகலாம், அங்கிருந்து கேமுக்கும் வரலாம். பள்ளிக்கூட நாளில் பதினொரு மணிக்குப் படுக்கை. இதில் பேரம் வேண்டாம்.

அதோடு, இந்தக் கோடை முடியுமுன் ஐந்து நிமிஷம் விளையாடக்கூடிய கேம் ஒன்றை அவரே செய்து முடிக்கட்டும். பெட்டி ஒன்று துள்ளி மதில் தாண்டினாலும் போதும், ஆனால் முழுதாக முடிய வேண்டும். விளையாட ஆசைப்படுகிற பிள்ளை இரண்டாம் கிழமையே அலுத்துப்போவார். செய்ய ஆசைப்படுகிற பிள்ளை பிழை திருத்தப் பின்னேரம் முழுக்க இருப்பார். எது உங்கள் மகன் என்று ஓகஸ்டில் உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அதற்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு அவருக்குப் பக்கத்தில் இருந்து 'வெண்பா' என்ற கேமை விளையாடுங்கள். ரொறன்ரோவின் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 இல் வெளியிட்டது. அடுத்த வருஷம் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் என்று தெரிவானது. 1980களில் கனடாவுக்கு வந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அந்த வீட்டுத் தாய்க்கு அவரின் அம்மா தந்துவிட்ட சமையல் கொப்பி கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கும். விட்டுப்போன இடத்தை நாங்களே ஊகித்து இட்லி அவிக்க வேண்டும். அந்த வீட்டு மகன் வளர வளர வீட்டுச் சாப்பாட்டுக்கு வெட்கப்படுகிறவன். நான் இரண்டு இடத்தில் அழுதேன். இட்லித் தட்டில் உங்கள் மகன் தடுமாறுவார். நீங்கள் சொல்லிக்கொடுங்கள். ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

கதையாமல் இருக்கும் தகப்பனைச் சமாதானம் பேசக் கூப்பிட வேண்டாம். கவசத்தின் முதுகுப் பக்கம் ஒட்டும் நாளில் குசினிக்குக் கூப்பிடுங்கள். வளைந்த ஃபோமை இழுத்துப் பிடிக்க ஒரு ஆளின் கை போதாது.